முப்பத்தேழாம் அத்தியாயத்து மாப்பிள்ளை

செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்று இருபதுக்கு ருத்ரவேந்தன் தன் காதலியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். ஒன்றரைக்குள் எண்ணூறு பேர் அந்த அறைக்கு இதயம் போட்டுவிட்டார்கள். 'இப்படி ஒருத்தன் எனக்குக் கிடைக்கவில்லையே' என்று மதுரையிலிருந்து ஒரு பல் மருத்துவர் ஏங்கியிருந்தார். அவர் கையில் ஊசியோடு எத்தனை பேரை அழவைத்தவரோ தெரியாது.

ருத்ரவேந்தனைப் படைத்தவள் சந்தனச்செல்வி. வயது இருபத்தேழு. தூத்துக்குடித் துறைமுகச் சாலையில், ஏற்றுமதிச் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கிக் கப்பலில் ஏற்றிவிடும் கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் வேலை. எந்தக் கண்டெய்னர் எந்தக் கப்பலுக்கு, எத்தனை மணிக்குள் துறைமுக கேட்டைத் தாண்ட வேண்டும் என்று பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையால் தயிர்ச்சோறு, மறுகையால் செல்போனில் கதை. கதைச் செயலியில் அவள் பெயர் நித்திலா. தொடரின் பெயர் 'உன் மூச்சுக்கும் என் அனுமதி வேண்டும்'. நூற்றுப் பன்னிரண்டு அத்தியாயம் ஆகியும் கதாநாயகிக்கு அந்த அனுமதி முழுசாகக் கிடைத்தபாடில்லை.

ருத்ரவேந்தன் ஆறடி இரண்டங்குலம். வெயில் காலத்திலும் கறுப்புச் சட்டை. சிரித்ததில்லை, வரிசையில் நின்றதில்லை, யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. அவனுக்குக் கோபம் வரும்போதெல்லாம் தூத்துக்குடியில் மழை கொட்டும். உப்பள முதலாளிகள் படித்தால் வழக்குப் போடுவார்கள்.

நித்திலா யாரென்று ஆபீஸில் தெரிந்த ஒரே ஆள் பக்கத்து மேஜை ரேச்சல். நாற்பது வயது. கணவர் கப்பலில் எஞ்சின் வேலை பார்க்கிறார். எந்த அத்தியாயத்தையும் முதலில் படிப்பது ரேச்சல்தான். சந்தேகம் கேட்பதும் அவள்தான்.

"ஏளா, இவனுக்குச் சொந்தமா துறைமுகம் இருக்குன்னு எழுதிருக்கியே. துறைமுகம் கவர்மெண்டுதுல்லா?"

"கதையில அவனுக்குத்தான்க்கா."

"அப்ப கஸ்டம்ஸு?"

"அதுவும் அவனுக்குத்தான். சாப்பிடுங்க."

"அதுசரி. அவன் அறைஞ்சதுல அந்தப் பிள்ளைக்குப் பல்லு கில்லு ஆடலையே?"

"இவ்வளவு சந்தேகம் இருந்தா எதுக்குக்கா படிக்கிய?"

ரேச்சல் மீன் முள்ளை ஒதுக்கிவைத்துவிட்டு யோசித்தாள். "எங்க வீட்டுக்காரரு தங்கமான மனுசன். எட்டு மாசமா கப்பல்ல கெடக்காரு. வாரத்துக்கு ஒருக்கா போன் போட்டு, கேஸ் சிலிண்டர் வந்துட்டான்னு கேப்பாரு. உன் ஆளு என்னடான்னா, அவளைப் பத்து நிமிசம் காணலன்னா ஊரையே கொளுத்துதான். கொளுத்தட்டுமே. என் ஊரா எரியுது?"

இதைவிடச் சிறப்பாக இந்த வகைக் கதைகளை யாரும் ஆராய்ந்ததில்லை என்று செல்விக்குத் தோன்றியது.

ஆபீஸ் முதலாளி சங்கரபாண்டியன் அண்ணாச்சிக்குக் கதையெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்த ஒரே சோகக் கதை, கப்பலைத் தவறவிட்ட கண்டெய்னர். சித்திரையில் செல்வி ஒரு கண்டெய்னர் எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றிப் பதிந்துவிட்டாள். பெட்டி கேட்டுக்கு வெளியே நின்றது, கப்பல் போய்விட்டது. அன்றைக்கு அண்ணாச்சி சொன்னார்: "இன்னும் ஒரு பெட்டி உன்னால நின்னுச்சுன்னா, சீட்டைக் காலி பண்ணிட்டு வீட்டுல இருந்து கோலம் போடு."

செல்விக்கு அந்த நாற்காலி சும்மா வந்ததல்ல. சுங்கப் பரீட்சையை இரண்டாம் முறை எழுதித் தேறி, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியவள். பெண் பார்க்க வந்த முதல் இரண்டு வீட்டாரும் 'கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவேன்' என்ற ஒரு வாக்கியத்தில் காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள்.

மூன்றாவதாக வந்தவன் ஏரல்காரன் ஜெயகணேஷ். நான்கு டிரெய்லர் லாரிகள் வைத்துத் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஓட்டுகிறான். பதற்றத்தில் தட்டிலிருந்த மக்ரூன் இனிப்பைக் காப்பியில் போட்டுவிட்டு, அதை எடுப்பதா குடிப்பதா என்று தெரியாமல் கடைசிவரை டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தான். செல்வி வேலை விஷயத்தைச் சொன்னதும், "அதுக்கென்ன, எங்க யார்டும் உங்க ஆபீஸ் பக்கந்தானே. மழை பெஞ்சா நானே வந்து கூட்டிட்டுப் போயிருவேன்" என்றான். மழையே அபூர்வமான தூத்துக்குடியில் அந்த வாக்குறுதியின் மதிப்பு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் பிடித்துப் போயிற்று. நிச்சயம் முடிந்தது. ஆவணியில் கல்யாணம். அண்ணாச்சியும் நம்ம பிள்ளையைக் கட்டப்போகிறவன் என்று அவன் லாரிகளுக்கும் வேலை கொடுக்க ஆரம்பித்தார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. செல்விதான் ஒரு தப்புச் செய்தாள். கல்யாணத்துக்கு முன் ஒளிவுமறைவு இருக்கக்கூடாது என்று எந்தப் பத்திரிகையிலோ படித்துவிட்டு, தான் எழுதும் கதையைப் பற்றி அவனிடம் சொன்னாள்.

ஜெயகணேஷின் தங்கை அருணாசலவடிவு போட்ட கூச்சல் ஏரல் ஆற்றுப்பாலம் வரை கேட்டிருக்கும். அவள் நித்திலாவின் பரம ரசிகை. "எண்ணே! நித்திலாவா நம்ம வீட்டுக்கு வரப்போறாவ? உனக்கு அவங்க ருசி என்னன்னு தெரியுமா? மக்ரூனைக் காப்பியில போடுத ஆளையா அவங்களுக்குப் புடிக்கும்?"

ஜெயகணேஷ் எதையும் முறையாகச் செய்கிறவன். புது லாரி வாங்கினால் அதன் கையேட்டை அட்டையிலிருந்து அட்டைவரை படிப்பான். அதே மாதிரி எட்டு நாளில் நூற்றுப் பன்னிரண்டு அத்தியாயத்தையும் படித்தான். ஒரு சிறிய நோட்டில் குறிப்பு எடுத்தான். முடிவில் அவன் வந்து சேர்ந்த இடம் தர்க்கப்படி சரியானது: பிடிக்காத பண்டத்தை யாரும் நூற்றுப் பன்னிரண்டு தடவை சமைக்க மாட்டார்கள்.

முதல் அறிகுறி போனில் தெரிந்தது.

"எங்க இருக்க?"

இத்தனை நாளும் 'இருக்கீங்க' என்றவன். செல்வி போனை எடுத்து எண்ணைப் பார்த்தாள். "ஆபீஸ்ல."

"யாரைக் கேட்டு போன?"

"அண்ணாச்சியைக் கேட்டுதான். சம்பளம் தாராவல்லா."

அந்தப் பக்கம் அவன் தொண்டையைச் செருமினான். பிறகு மெதுவாக, "சாப்டீங்களா?"

இரண்டாவது அறிகுறி ஆபீஸுக்கே நேரில் வந்தது. ஜெயகணேஷ் உள்ளே நுழைந்தான், ரேச்சலைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான், செல்வியின் மணிக்கட்டை இறுகப் பிடித்தான். கண்ணை உருட்டி அவளையே பார்த்தான். பத்து விநாடி. பிறகு வெளிறிப்போய், "வலிக்குதா?" என்று கேட்டுக் கையை விட்டுவிட்டுப் படியிறங்கி ஓடிவிட்டான்.

"என்னளா இது?" என்றாள் ரேச்சல். "நாடி பாக்குதாரா?"

"உடம்பு சரியில்லைன்னு நெனைக்கேன்."

"அது இருபத்தோராவது அத்தியாயம்ளா. லிப்ட்டுக்குள்ள வச்சுப் புடிப்பான். நம்ம ஆபீஸ்ல லிப்ட்டு இல்லாததால இங்கனயே புடிச்சிட்டாரு."

செல்வி சிரித்தாள். அன்றைக்குச் சிரித்திருக்கக்கூடாது.

வெள்ளிக்கிழமை ஹாலந்துக்கு ஒரு பெட்டி போக வேண்டியிருந்தது. பெட்டி நிறைய உலர்பூ. காய்ந்து, சாயம் ஏற்றி, வாசனை தெளித்த பூக்கள். வெள்ளைக்காரர்கள் கிண்ணத்தில் போட்டு வரவேற்பறையில் வைத்துக்கொள்வார்கள். மூன்று மணிக்குள் பெட்டி துறைமுக கேட்டைத் தாண்ட வேண்டும். தாண்டினால் கொழும்பு வழியாகப் போகும் அன்றைய கப்பல். தாண்டாவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை. செல்வி காலையிலிருந்து எண்ணை நான்கு முறை சரிபார்த்துவிட்டாள். பன்னிரண்டரைக்கெல்லாம் பெட்டி கிடங்கிலிருந்து கிளம்பியது. ஏற்றிப்போனது ஜெயகணேஷின் லாரி.

ஒன்றேகாலுக்கு டிரைவர் சிவப்பிரகாஷ் போன் செய்தான். "எக்கா, உப்பளத்துக்கிட்ட டீக்கடை இருக்குல்லா, அங்கன வண்டியை ஓரங்கட்டிருக்கேன்."

"ஏம்ல? பஞ்சரா?"

"இல்லக்கா. மொதலாளி நிறுத்தச் சொல்லிட்டு சாவியைப் புடுங்கிட்டாவ. என்னன்னு கேட்டா கூலிங் கிளாஸைப் போட்டுக்கிட்டு வானத்தைப் பாக்காவ."

செல்வி ஜெயகணேஷுக்குப் போன் போட்டாள். அவன் குரலை அடித்தொண்டைக்கு இறக்கி வைத்திருந்தான்.

"உன் பெட்டி இப்ப என் பிடியில. அது கரை சேரணுமா வேண்டாமான்னு உன் கண்ணீர் முடிவு பண்ணட்டும்."

செல்வி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். பயத்தால் அல்ல. அந்த வாக்கியத்தை அவள்தான் எழுதினாள். மூன்று முறை அடித்துத் திருத்தி, 'கண்ணீர்' என்ற சொல் வந்து விழுந்ததும் தன்னைத் தானே மெச்சிக்கொண்டு ரேச்சலின் மீன் வறுவலில் ஒரு துண்டு எடுத்துத் தின்ற மதியம் நன்றாக நினைவிருக்கிறது. முப்பத்தேழாம் அத்தியாயம். நாலு லட்சம் பேர் படித்தது.

"ஏங்க, இது எக்ஸ்போர்ட் பெட்டி. கரையிலதான் கெடக்கு. கப்பல்ல ஏறணும்."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "அதைத்தான் சொல்லுதேன். நீ இங்கன வா. தனியா வா."

"மூணு மணிக்கு கேட்டை மூடிருவான்!"

"ருத்ர... நான் காத்திருப்பேன்." போன் அணைந்தது.

ரேச்சல் ஏற்கெனவே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். "தனியாத்தான வரச் சொன்னாவ? வா, நானும் வாரேன்."

முப்பத்தேழாம் அத்தியாயத்தில் கதாநாயகி கொட்டும் மழையில், ஈரப் புடவையோடு, தகப்பனாரின் பெட்டியை விடுவிக்கச் சொல்லி மன்றாட ஓடிவருவாள். ருத்ரவேந்தன் குடையைச் சுருக்கிவிட்டு, 'பெட்டிக்குப் பதில் நீ' என்பான். அதற்கு மட்டும் ஒன்பதாயிரம் இதயம்.

நிஜத்தில் ஆனி மாதக் காற்று உப்பளத்து மண்ணை வாரி முகத்தில் அடித்தது. இருபுறமும் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. வழியில் ஒரு டிரெய்லர் குறுக்கே திரும்பிக்கொண்டிருந்ததால், டீக்கடைக்கு வந்து சேரும்போது மணி இரண்டு. ஜெயகணேஷ் லாரி முன்னால் கறுப்பு முழுக்கைச் சட்டையில் நின்றிருந்தான். சட்டை வியர்வையில் ஒட்டி, உடுத்தியபடியே குளித்தவன் போலிருந்தான். பக்கத்தில் காருக்குள் ஏசி போட்டுக்கொண்டு, செல்போனைத் தயாராக நீட்டியபடி அருணாசலவடிவு.

"வந்துட்டியா," என்றான் ஜெயகணேஷ். செல்வியின் முகத்தைப் பார்த்ததும், "அழுதுட்டு வருவ... வருவீங்கன்னு நெனச்சேன். ஹெல்மெட்டோட வாரீங்க."

"சாவியைக் குடுங்க."

"பெட்டிக்குப் பதில்..."

"சாவி!"

"மொதலாளி, போவட்டா?" என்றான் சிவப்பிரகாஷ் ஜன்னல் வழியாக.

"எண்ணே, வசனத்தைச் சொல்லுண்ணே!" என்றாள் வடிவு காருக்குள்ளிருந்து.

ஜெயகணேஷ் தன் நோட்டை எடுத்துப் புரட்டினான். கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டுத்தான் படிக்க முடிந்தது. "இந்த இடத்துல நீங்க நடுங்கணும். நான் ஏதாச்சும் தப்பாச் செய்யுதேனா? ரெண்டு வாரமா முயற்சி பண்ணுதேன். எனக்கு இது வரவே மாட்டேங்குது. உங்களுக்குப் புடிக்கும்னுதான்..."

"எனக்கு எதுக்குங்க இது புடிக்கணும்?"

"நாலு லட்சம் பேரு படிச்சிருக்காவ. புடிக்காமலா?"

"கதையில புடிக்கும்!"

"கதையில புடிச்சது நேர்ல ஏன் புடிக்காது? எனக்கு இட்லி கதையில வந்தாலும் புடிக்கும், தட்டுல வந்தாலும் புடிக்கும்."

ரேச்சல் குறுக்கே வந்தாள். "எய்யா, நான் சொல்லுதேன். ருத்ரவேந்தன் அடிச்சா எனக்கு வலிக்காது. போனை மூடிட்டா அவன் வாயும் மூடிரும். உங்களை எங்கன அமுக்கி மூட?"

"மொதலாளி, ரெண்டு பதினஞ்சு," என்றான் சிவப்பிரகாஷ்.

செல்வி மூச்சை இழுத்துவிட்டாள். "இங்க பாருங்க. அவன் லாரியை நிறுத்தினா, அடுத்த அத்தியாயத்துல நான் அதை எடுத்து விட்டுருவேன். அவன் என்ன ஆட்டம் போட்டாலும் கயிறு என் கையிலதான் இருக்கு. இந்த லாரியை நீங்க நிறுத்திட்டீங்க. இதை எழுதி எடுத்துவிட எனக்கு எந்தச் செயலி இருக்கு? இந்தப் பெட்டி நின்னா என் வேலை போயிரும். வேலைக்குப் போலாம்னு சொன்னதாலதான் உங்களைக் கட்டிக்கிடச் சம்மதிச்சேன். அது போச்சுன்னா நீங்க எனக்கு எதுக்கு?"

ஜெயகணேஷின் முகத்திலிருந்து கறுப்புச் சட்டை ஆசாமி அந்த நிமிஷமே இறங்கிப் போனான். மக்ரூனைக் காப்பியில் போட்டவன் திரும்பி வந்தான். "வேலை போயிருமா? அத்தியாயத்துல அப்படி எதுவும் வரலையே," என்றான். சாவியைத் தேடினான். வலது பையில் இல்லை. இடது பையில் இல்லை. வடிவின் கைப்பையில் இருந்தது. ருத்ரவேந்தன் சாவி வைத்தால் சட்டைப் பையின் அழகு கெட்டுவிடும் என்று அவள்தான் வாங்கி வைத்திருந்தாள்.

மணி இரண்டு இருபத்தைந்து.

லாரி பறந்தது. துறைமுக கேட்டுக்கு முன்னால் வழக்கமான வெள்ளிக்கிழமை வரிசை, ஒன்றின் பின் ஒன்றாக நாற்பது டிரெய்லர். வரிசையில் நிற்காத கதாநாயகனைப் படைத்தவள் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு ஒவ்வொரு லாரியாக எண்ணிக்கொண்டு நின்றாள். மூன்றடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது முன்னால் ஆறு வண்டி. மூன்று அடித்தபோது முன்னால் இன்னும் மூன்று வண்டி. காவலர் தடுப்பை இறக்கினார். அவரிடம் கதை சொல்ல முடியாது. தினமும் ஆயிரம் கதை கேட்கிறவர்.

உலர்பூ கேட்டுக்கு வெளியே நின்றது. காய்வதற்கு அதில் இனி எதுவும் இல்லை என்பது மட்டும்தான் ஆறுதல்.

நாலு மணிக்குச் சங்கரபாண்டியன் அண்ணாச்சி கண்ணாடி அறைக்குள் செல்வியை நிற்க வைத்திருந்தார். "நம்பரைச் சரியா போட்டியா?"

"போட்டேன் அண்ணாச்சி."

"அப்ப பெட்டி ஏன் நின்னுச்சு?"

வருங்காலக் கணவன் தன்னைக் கவர நிறுத்தினான் என்று எந்தப் படிவத்தில் எழுதுவது? செல்வி வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. ஜெயகணேஷ் நின்றான். சட்டை மாற்றியிருந்தான், வெளிர் நீலம். கையில் அவன் கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதிய ஒரு தாள்.

அண்ணாச்சி வாங்கிச் சத்தமாகப் படித்தார். "'எனது வண்டியை இன்று மதியம் ஒன்றேகால் முதல் இரண்டு இருபத்தைந்து வரை நானே நிறுத்தி வைத்தேன். ஓட்டுநர் மீதோ, தங்கள் அலுவலக ஊழியர் மீதோ எந்தத் தவறும் இல்லை. காரணம்: வருங்கால மனைவியின் மனம் கவர.'"

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கடைசி வரியை மறுபடி படித்தார். "கவர்ந்துட்டியால?"

"இல்ல அண்ணாச்சி."

"பெட்டியை நிறுத்தித்தான் கவரணுமோ? ஊர்ல எவனும் பூ வாங்கிக் குடுக்க மாட்டானோ? இவன் ஒரு பெட்டிப் பூவை நிறுத்திருக்கான்." அண்ணாச்சிக்குக் கோபத்தோடு கோபமாகச் சிரிப்பும் வந்துவிட்டது, அதை மறைக்க மேஜையைத் தட்டினார். "மூணு மாசத்துக்கு உன் வண்டி எதுவும் என் பெட்டியைத் தொடக்கூடாது. ஹாலந்துக்காரனுக்கு என்ன பதில் சொல்லணுமோ நீயே உக்காந்து எழுது. இந்தப் பிள்ளை போய் அடுத்த வாரக் கப்பலுக்குப் பதியட்டும். நீ ஏம்மா நிக்க? போ, உன் சீட்டுக்குப் போ."

நாற்காலி தப்பியது.

வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் ஜெயகணேஷ் காத்திருந்தான். "கல்யாணத்தை நிறுத்துததுன்னா எங்க வீட்டுல நானே சொல்லிக்கிடுதேன். என் தப்புன்னே சொல்லுதேன். உங்க மேல பேச்சு வராது."

"நோட்டுல பாத்துச் சொல்லுதீங்களா?"

"அதைக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

"யோசிச்சுச் சொல்லுதேன்," என்றாள் செல்வி.

மறுநாள் மதியம் அவள் நூற்றுப் பதின்மூன்றாம் அத்தியாயத்தை எழுதினாள். ருத்ரவேந்தன் வெளிர் நீலச் சட்டை போட்டுக்கொண்டு கதாநாயகியின் ஆபீஸுக்குப் போனான். எல்லார் முன்னாலும் தன் தவறை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். மழை பெய்யவில்லை.

தமிழ்நாடு கொதித்தது. 'என் ருத்ராவைக் கொன்னுட்டீங்களே' என்றார் மதுரைப் பல் மருத்துவர். ஒருவர் இனி வாழ்வில் கதையே படிப்பதில்லை என்று சபதம் செய்தார். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் அறுநூறு பேர் விலகிப்போனார்கள். அருணாசலவடிவு எழுதியிருந்தாள்: 'மதினி, உங்ககிட்ட இதை எதிர்பாக்கல. வீட்டுல பாக்குத மூஞ்சியையே கதையிலயும் பாக்கணுமா?'

"என்னளா செய்யப்போற?" என்றாள் ரேச்சல். "எனக்கும் கொஞ்சம் சப்புன்னுதான் இருந்துச்சு. பொய் சொல்லக்கூடாது."

செல்வி போனை எடுத்து அத்தியாயத்தை மறுபடி திறந்தாள். எழுதியதை வாசித்தபோது அவளுக்கே சப்பென்றுதான் இருந்தது. அவளாலும் பொய் சொல்ல முடியவில்லை. பத்து வருஷமாகத் தொடர்கதை படிக்கிறவளுக்கு வழியா இல்லை? திங்கட்கிழமை நூற்றுப் பதினான்காம் அத்தியாயத்தில் உண்மை வெளியானது: மன்னிப்புக் கேட்டது ருத்ரவேந்தனே அல்ல, பிறந்தவுடன் பிரிந்துபோன அவனுடைய இரட்டைத் தம்பி. நிஜ ருத்ரவேந்தன் அப்போது சிங்கப்பூரில் இருந்தான். திரும்பி வந்ததும் முதல் காரியமாக ஒரு கண்ணாடி மேஜையை உடைத்தான். மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. விலகிய அறுநூறு பேரும் நனைந்துகொண்டே திரும்பி வந்தார்கள். பல் மருத்துவர் ஆனந்தக் கண்ணீர் வடித்தார்.

அந்த இரைச்சலுக்கு நடுவில் காயல்பட்டினத்திலிருந்து ஜஹ்ரா என்ற வாசகி மட்டும் வேறு ஒன்று கேட்டிருந்தாள். துபாயில் இருக்கும் கணவனுக்குத் தெரியாமல் படிப்பவள். ருத்ரவேந்தன் அறையும்போதெல்லாம் தவறாமல் இதயம் போடுபவள். 'அந்தத் தம்பிக்காரர் நல்ல பிள்ளையாத் தெரியுதாரே. அவருக்குக் கல்யாணம் ஆயிட்டா?'

செல்வி கண்ணாடி அறைப் பக்கம் பார்த்தாள். ஜெயகணேஷ் அங்கே உட்கார்ந்து மூன்றாம் நாளாக ஹாலந்துக்காரனுக்கு இங்கிலீஷில் மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். எழுதுவான், அண்ணாச்சி படிப்பார், கிழிப்பார், அவன் பொறுமையாக அடுத்த தாளை எடுப்பான்.

அவள் ஜஹ்ராவுக்குப் பதில் போட்டாள்: 'இன்னும் இல்லை. ஆவணியில்.'

அதை அப்படியே படம் பிடித்து ஜெயகணேஷுக்கு அனுப்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் போனை எடுத்துப் பார்ப்பது தெரிந்தது. ஒரு முறை படித்தான். நெற்றியைச் சுருக்கி மறுபடி படித்தான். பிறகு கவலையோடு விரலை ஓட்டினான்.

செல்வியின் போன் ஒலித்தது.

'இது எந்த அத்தியாயத்துல வருது? நான் படிக்காம விட்டுட்டேனா?'